எல்லாமே சூப்பர் என்றால் எந்தத் தையலைப் பிரிப்பது?

தையல் வகுப்பு எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வார்கள். கத்தரிக்கோல் பிடிக்கவே தெரியாமல் வருகிற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஏற்கெனவே எங்கேயோ படித்து, சான்றிதழும் வாங்கி, எல்லோரிடமும் 'சூப்பர்' கேட்டுக் கேட்டு வருகிற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. கை நன்றாக ஓடும். மெஷின் அவள் சொன்னபடி கேட்கும். ஆனால் புதுத் துணியை விரித்து வெட்டச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் பல வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுத வருகிறவர்கள் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷினுக்கு மனுப் போட, தையல் தெரியும் என்ற சான்றுக்காக வருகிறவர்கள் உண்டு. புதியம்புத்தூர் பக்கம் ரெடிமேட் வேலைக்குப் போய் நைட்டியும் உள்பாவாடையும் பீஸ் கணக்கில் தைத்துச் சலித்து, இனி சொந்தமாக பிளவுஸ் தைக்கலாம் என்று வருகிறவர்களும் உண்டு. இவர்களில் யார் சீக்கிரம் தேறுவார்கள் என்பது ஆரம்பத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். தைத்ததைக் கொண்டுவந்து நீட்டும்போது அவள் கண் துணியில் இருக்கிறதா, என் முகத்தில் இருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன். துணியைப் பார்க்கிறவள் தேறிவிடுவாள். முகத்தைப் பார்க்கிறவளுக்கு ரொம்ப நாள் ஆகும்.

அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வந்தவள். வேறு ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் படித்திருந்தாள். அங்கே எதைத் தைத்தாலும் 'சூப்பர்', 'செம', 'நீயெல்லாம் பொறவி டெய்லர்'தான். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டால் கைதட்டலும் பூங்கொத்தும் வரிசைகட்டி வரும். கோணலாகப் பட்டி வைத்தவளுக்கும் அதே கைதட்டல், நேராக வைத்தவளுக்கும் அதே கைதட்டல். படிப்பு முடிந்த அன்று மேடை போட்டு, எல்லோருக்கும் சிறந்த மாணவி என்று கேடயம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும்!

பிறகு கொழுந்தனார் கல்யாணம் வந்தது. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இவள்தான் பிளவுஸ் தைத்தாள். மதினியுடையது பட்டு, பின்கழுத்து நன்றாக இறக்கி வைத்தது. பின்கழுத்து இறங்க இறங்க ஷோல்டர் அகலத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் வழுகும். இந்தச் சங்கதியை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கழுத்து வளைவு துணியின் சாய்வான இழையில் வருவதால், பைப்பிங் (ஓரத்தில் வைக்கிற மெல்லிய துணிப்பட்டை) வைக்கும்போது இழுத்துத் தைத்தால் நீண்டுபோய்த் தூக்கி நிற்கும். அதுவும் நடந்திருந்தது. முகூர்த்தம் முழுக்க அந்த மதினி முந்தானையை இழுத்து இழுத்துத் தோளை மூடியபடியே உட்கார்ந்திருந்தாராம். கேட்டால், "ரொம்ப நல்லாருக்குடி, கடையில தச்ச மாதிரியே இருக்கு" என்றிருக்கிறார். மாமியார் அதற்கு மேல் ஒரு படி போய், ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

அடுத்து வளைகாப்புக்கு எடுத்த பட்டு பஜாரில் ஒரு டெய்லரிடம் போய்விட்டது. யாரும் இவளிடம் சொல்லவில்லை. பீரோவில் கடைப் பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

என்னிடம் அவள் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. "நல்லாயில்லன்னு ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா பிரிச்சுத் தச்சுக் குடுத்திருப்பேன்க்கா. இப்ப யாரு நல்லாருக்குன்னு சொன்னாலும் வயித்தைக் கலக்குது."

அவளுடைய எம்மிங், அதாவது ஓரத்தை மடித்துக் கையால் போடுகிற தையல், உண்மையிலேயே அழகு. கை ஓரத்தில் ஊசி போன தடமே வெளியே தெரியாது, தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி. வந்த கொஞ்ச நாளிலேயே அதைக் கவனித்து அவளிடம் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்கக்கா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பொய்ப் பாராட்டு அவளை ஏமாற்றியதோடு போகவில்லை. மெய்யான பாராட்டும் அவளுக்குள் போகாதபடி கதவை அடைத்துவிட்டிருந்தது. டேப் இழுத்து இழுத்து நீண்டுபோனால், அதில் எடுத்த எந்த அளவையும் நம்ப முடியாது. முப்பத்தாறு என்று காட்டுவது முப்பத்தாறுதானா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும். அவளிடம் 'நல்லாருக்கு' என்ற சொல் அந்த நிலைக்கு வந்திருந்தது.

அவள் அடுத்து செய்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி வருகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பத் தைத்தாள். தலையணை உறை, உள்பாவாடை, குழந்தைக்கு ஜபலா. பிளவுஸ் வெட்டலாமா என்றால், துணி எடுத்துவரவில்லை, நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சோம்பேறித்தனம் என்று யாராவது நினைத்திருப்பார்கள். அது பயம். 'பொறவி டெய்லர்' என்ற பட்டத்தைத் தலையில் வைத்துவிட்டார்கள். கோணலாக ஒரு கைக்குழி வெட்டினால் அது கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க ஒரே வழி, வெட்டாமல் இருப்பது.

என் தங்கை பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இவளைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, இதையெல்லாம் ஆராய்ச்சியே செய்து எழுதியிருக்கிறார்கள் என்றாள். சிலவற்றை எடுத்து விளக்கவும் செய்தாள். கேட்கக் கேட்க என் மாடியில் நடந்ததை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது.

நெதர்லாந்தில் எடி புருமெல்மான் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 8 முதல் 12 வயது வரை உள்ள 240 பிள்ளைகளிடம் வான்கோ வரைந்த காட்டு ரோஜா ஓவியத்தைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வரைந்ததை ஓர் ஓவியர் பார்த்தார் என்று சொல்லி, அவர் எழுதியதாக ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். சிலருக்கு 'அழகாக வரைந்திருக்கிறாய்' என்று இருந்தது. சிலருக்கு 'நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்' என்று இருந்தது. சிலருக்குப் பாராட்டே இல்லை. பிறகு, அடுத்து எதை வரைகிறாய் என்று கேட்டார்கள். சுலபமான படங்களும் இருந்தன, கடினமான படங்களும் இருந்தன. கடினமானதை எடுத்தால் தப்பு நிறைய வரும், ஆனால் நிறையக் கற்றுக்கொள்வாய் என்றும் சொல்லியிருந்தார்கள். தன்மேல் நம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகள், அந்தப் பெரிய பாராட்டைக் கேட்டதும் சுலபமான படத்தின் பக்கம் ஒதுங்கினார்கள். சாதாரணமாக 'அழகு' என்று கேட்டவர்கள் அப்படி ஒதுங்கவில்லை. அவர்கள் மொழியில் இரண்டு சீட்டுக்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். பெரியவர்கள் இப்படிப்பட்ட பெரிய பெரிய பாராட்டுகளை, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பாவம், தூக்கிவிடுவோம் என்று நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். யாருக்கு அது ஆகாதோ அவர்களுக்கே தேடிப் போய்க் கொடுக்கிறோம். தன்மேல் நம்பிக்கை உள்ள பிள்ளைகளை அந்தப் பெரிய சொல் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கடினமானதைத் தேடிப் போனார்கள். ஆகவே, 'எனக்கெல்லாம் எவ்வளவு பாராட்டினாலும் ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்கிறவர்கள் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இதற்கு முன்பே, 1998-இல், அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்திருக்கிறார்கள். புதிர் ஒன்றைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிரைக் கொடுத்தார்கள், எல்லோருமே தடுமாறினார்கள். அதற்குப் பிறகு பழையபடி சுலபமான புதிரைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். எவ்வளவு மதிப்பெண் என்று வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களில் கணிசமானவர்கள் கூட்டி எழுதினார்கள். பிள்ளைகள் பொய்யர்கள் இல்லை. பட்டத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

தங்கை மூன்றாவதாக ஒன்று சொன்னாள், ஜெர்மனியில் வுல்ஃப்-ஊவே மேயர் என்பவர் 1970-களின் கடைசியில் செய்தது. சுலபமான கணக்கை இரண்டு மாணவர்கள் சரியாகப் போடுகிறார்கள். ஆசிரியர் ஒருவனை ஆகா ஓகோ என்கிறார், இன்னொருவனிடம் 'சரி' என்று மட்டும் சொல்கிறார். இதைக் கேட்ட பெரியவர்களிடம் இவர்களில் யார் திறமைசாலி என்றால், 'சரி' வாங்கியவனைத்தான் சொல்கிறார்கள். அது எப்படி என்றால், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு மெச்சுகிறார் என்றால், அவனிடம் ஆசிரியர் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்! வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டன் கட்டியதற்கு 'பிரமாதம்' என்றால் பெண்களுக்கு முகம் மலராது, சுருங்கும். இதுகூட நம்மிடம் எதிர்பார்க்கவில்லையா என்று உள்ளே ஓடும்.

நம் பக்கத்தில் இது பழைய சங்கதிதான். ஔவையார் பெயரில் வழங்குகிற தனிப்பாடல் ஒன்று, யாரை எப்போது எங்கே வைத்துப் பாராட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசிரியரை எல்லா இடத்திலும், வேலை செய்கிறவரை வேலை முடிந்த பிறகு, பெற்ற பிள்ளையை மனசுக்குள்ளே. எங்கள் ஆச்சியும் அப்படித்தான். பேரப்பிள்ளைகளை யாராவது மெச்சினால் உடனே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டுவிடுவாள். அவள் வாயிலிருந்து நாங்கள் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் அறுபது வயதிலும், 'அம்மா ஒரு நாள்கூட நல்லாச் செஞ்சேன்னு சொன்னதில்ல' என்று கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏக்கத்தில் வளர்ந்தவர்கள்தான் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு வாரி இறைக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் பசித்தவருக்கும் பந்தியில் அளவு உண்டே.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓர் அண்ணாச்சி. லேடீஸ் டெய்லர். அவரிடம் நான் கற்றதில் பெரியது வெட்டும் முறை இல்லை, பார்க்கும் முறை. பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் உள்பக்கமாகத் திருப்புவார். வெளிப்பக்கம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும் என்பார். பிறகு கட்டைவிரலைக் கைக்குழித் தையல் மேலேயே வைத்து ஒரு சுற்று மெதுவாக நகர்த்துவார். பிசிறு, சுருக்கம், தையல் ஏறி இறங்கின இடம் எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் போல உள்ளே வளைத்து வெட்ட வேண்டும், கையிலும் முன்பக்கம் அப்படியே. இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டால் கை முறுக்கிக்கொள்ளும். விரல் நின்ற இடத்தில் துணியை என் பக்கமாகத் திருப்பி, "இங்க பாரு தாயி" என்பார். அவ்வளவுதான். நான் பார்ப்பேன். என்ன தப்பு என்று நானே சொல்ல வேண்டும். சொன்னதும், பிரிக்கச் சொல்லி பிளேடை எடுத்துக் கையில் கொடுப்பார்.

சரியாக இருந்தால்? விரல் நிற்காமல் ஒரு சுற்று வந்துவிடும். "மூட்டு நல்லா உக்காந்திருக்கு" என்பார். சில சமயம் அதுவும் இல்லை. பேசாமல் அதை மடித்து டெலிவரிக்குப் போகிற அடுக்கில் வைப்பார். நான் தைத்தது அவர் தைத்ததோடு கலந்து கஸ்டமரிடம் போகிறது! மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும், வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி என்று கேட்க வேண்டும் என்பார்களே, அது என்ன என்று அந்த அடுக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் வாயிலிருந்து 'நல்லா' என்று வந்தால், எந்த இடம் நல்லா என்பதும் சேர்ந்தே வரும். அதனால்தான் அதை நம்ப முடிந்தது. அவர் ஊரில் இல்லாத நாளிலும் நான் அந்த விரலை வைத்துத் தேடிப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

கடுமைதான் நல்லது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அண்ணாச்சியிடம் வருவதற்கு முன் ஒரு கார்மென்ட்ஸில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே ஒரு சூப்பர்வைசர், எதை எடுத்தாலும் "இதெல்லாம் ஒரு தையலா" என்று மேஜையில் விட்டெறிவார். எந்த இடத்தில் என்ன கோளாறு என்று ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அங்கிருந்த பெண்களும் கடைசியில் அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணைப் போலவே ஆனார்கள். துணியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் திட்டுகிறவரும் எல்லாவற்றையும் மெச்சுகிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேரிடமிருந்தும் துணியைப் பற்றி ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

இந்தப் பெண்ணிடம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிள்ளைகள், மருமகள், கூட வேலை செய்கிறவர்கள் என்று யாரோடு பழகுகிறவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், பெரிய சொற்களை நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தினால் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்: "நான் சூப்பர்னு சொல்ல மாட்டேன். எது சரியா வந்திருக்கு, எது வரலன்னு இடத்தைக் காட்டிச் சொல்லுவேன். சரின்னு சொன்னா சரிதான், அதுக்கு மேல யோசிக்காத." இதைச் சொல்லிவைப்பது ரொம்ப முக்கியம். பாராட்டிலேயே ஊறினவர்களுக்கு மௌனம் திட்டு மாதிரிக் கேட்கும். 'சரி' என்பதற்கு எங்கள் வகுப்பில் என்ன மதிப்பு என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நான் வாய் திறக்குமுன் அவள் பேச வேண்டும். இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தைத்ததைக் கொண்டுவந்தால் நான் கை நீட்டி வாங்க மாட்டேன். "உள்பக்கம் திருப்பு. நீயே பார்த்துச் சொல்லு" என்பேன். ஆரம்பத்தில் "தெரியலக்கா" என்பாள். அல்லது, முந்திக்கொண்டு "எல்லாமே தப்பா வந்திருச்சுக்கா" என்பாள். நாம் மறுத்து 'இல்லையே, நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வோம் என்று எதிர்பார்த்து வருகிற பேச்சு அது. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. "எல்லாமேன்னா எங்க? பட்டியா, கழுத்தா, மூட்டா?" என்று கேட்பேன். மெதுவாக விரல் துணிக்குப் போகும். ஒரு நாள், "ஹூக் பட்டி மேல சரியா இருக்கு, கீழ ஒரு நூல் எறங்கிருச்சு" என்றாள். அந்த வாக்கியத்தில் சரியும் இருந்தது, தப்பும் இருந்தது, இரண்டும் இடத்தோடு இருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது. தப்பை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவளுக்குத்தான் சரியையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியும்.

அவள் எம்மிங்கைப் பற்றி நான் சொன்னதை நம்பவில்லை என்றேனே, அதற்கும் வழி கிடைத்தது. பாராட்டுவதை விட்டுவிட்டு, புதிதாக வந்த ஒரு பிள்ளையை அவள் பக்கத்தில் உட்கார வைத்து, "எம்மிங் போடுறதை இந்த அக்காகிட்டப் பார்த்துக்க" என்றேன். என் கஸ்டமர் பிளவுஸ்கள் இரண்டை எடுத்து, கை ஓரம் போடக் கொடுத்தேன். வாயால் சொன்னபோது உள்ளே போகாதது இப்படிப் போயிற்று. அண்ணாச்சியின் அடுக்கு எனக்குச் செய்ததும் இதுதான். தன்னம்பிக்கை குறைந்தவர்களிடம் சொல்லைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டுவது நல்லது என்று இப்போது திடமாக நம்புகிறேன். வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை வைத்த ரசத்தை ஆகா ஓகோ என்று புகழ்வதைவிட, விருந்தாளி வருகிற அன்று "ரசம் நீ வச்சிரு" என்று விட்டுவிடுவது பெரிசு.

மூன்றாவதாக, கெட்டுப்போனால் பரவாயில்லாத துணியில் கடினமானதை வெட்ட வைத்தேன். பழைய காட்டன் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்து கட்டோரி பிளவுஸ் (மார்புப் பகுதியைக் கிண்ணம் போலத் தனியாக வெட்டி இணைப்பது) வெட்டு என்றேன். அவள் எடுத்த வேலை கடினம் என்பதையும் சொன்னேன். "இது முதல் தடவையிலேயே யாருக்கும் சரியா வராது. எங்க வரலன்னு பார்க்கத்தான் வெட்டுறோம்." கப் கூராக வந்தது, டார்ட்டில் (வடிவத்துக்காகப் பிடிக்கிற மடிப்பு) தையல் முனை வரைக்கும் போய்விட்டது. வேறு சமயமாக இருந்தால் சுருட்டிப் பைக்குள் ஒளித்திருப்பாள். அன்று மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயம், மற்றவர்கள் முன்னால் ஒருத்தியை உயர்த்திப் பேசுவதில்லை. கேட்கிற மற்றவர்களுக்கு அது வலிக்கும் என்பது ஒரு காரணம். உயர்த்தப்பட்டவளுக்கு அடுத்த நாள் மெஷினில் உட்காரப் பயம் வரும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அதே மாதிரி, தைக்க வந்தவளைப் பார்த்து 'உனக்கு கைராசி', 'உனக்கு ரத்தத்துலயே இருக்கு' என்கிற பேச்சும் வேண்டாம். ரத்தத்தில் இருப்பதை எப்படி மேம்படுத்துவது? பைப்பிங்கை இழுக்காமல் தைத்ததைச் சொன்னால், நாளைக்கும் இழுக்காமல் தைப்பாள்.

வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வியையும் மாற்றச் சொன்னேன். இது டெய்லர்களுக்கு மட்டும் இல்லை, சமையல், ஓவியம், எழுத்து என்று எதைச் செய்து நீட்டுகிறவர்களுக்கும் பொருந்தும். 'நல்லாருக்கா?' என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மதினியும் கெட்டவர் இல்லை, புதுசாகத் தொழில் செய்கிற பெண்ணின் மனசு நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். அதனால், பதிலில் குறை வருவதற்கு இடம் இருக்கிற மாதிரிக் கேட்க வேண்டும். "கையைத் தூக்கிப் பாருங்க, எங்க இழுக்குது?" "உக்காந்து பாருங்க, கழுத்து தூக்குதா?" "பின்னால பட்டி ஏறுதா?" இப்படிக் கேட்டால் ஆட்கள் மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். "அக்குள்ல கொஞ்சம் பிடிக்குதும்மா" என்று சொல்வது யாருக்கும் சங்கடமாக இல்லை. யாராவது தானாகவே 'ரொம்ப நல்லாருக்கு' என்றால், "எது நல்லாருக்குன்னு சொல்லுங்க மதினி, அடுத்ததுலயும் அதே மாதிரி வைக்கேன்" என்று கேட்கலாம். உண்மையிலேயே பிடித்திருந்தால் உடனே சொல்வார்கள். ஒப்புக்குச் சொன்னது என்றால் கொஞ்சம் தடுமாறுவார்கள், அப்போது டேப்பை எடுத்து மறுபடி அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாமார்களிடம்தான் எனக்கு வாதாட வேண்டியிருக்கிறது. கோடை லீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எம்ப்ராய்டரி கற்றுக்கொள்ள அனுப்புவார்கள். கொண்டுவிட வரும்போதே, "டீச்சர், அவளைக் கொஞ்சம் தட்டிக்கொடுத்துச் சொல்லுங்க, அவளுக்கு கான்ஃபிடன்ஸ் கம்மி" என்பார்கள். தட்டிக்கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் பிள்ளை சங்கிலித் தையலில் பூ போட்டு வந்ததும் நான் முதலில் செய்வது, பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பூவை உண்மையாகவே பார்ப்பது. "இந்த இதழ்ல கண்ணி எல்லாம் ஒரே அளவா இருக்கு. இங்க வந்ததும் பெருசாயிருச்சு, நூலை அவசரமா இழுத்தியா?" பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அவள் அங்கே அவசரப்பட்டது அவளுக்குத் தெரியும். ஒருத்தர் தன் வேலையை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குப் போதும். போனைப் பார்த்தபடியே 'சூப்பர்டா செல்லம்' என்று சொல்கிறோமே, பிள்ளைகள் அதைக் கேட்பதில்லை. நாம் பார்க்கவில்லை என்பதைத்தான் கவனிக்கிறார்கள்.

அன்பை அளந்து கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைக் கொஞ்சுங்கள், கட்டிக்கொள்ளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதற்கு அவள் எதுவும் தைத்துக் காட்ட வேண்டியதில்லை. தைத்ததைக் காட்டும்போது மட்டும் தைத்ததைப் பற்றிப் பேசுங்கள். இரண்டையும் கலந்தால், தையல் கோணினால் அன்பும் போய்விடுமோ என்று பிள்ளை பயப்படும்.

அந்தப் பெண் இப்போது வீட்டிலேயே ஆர்டர் எடுக்கிறாள். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுகிறாள், உட்புறம் பிரித்துவிட இடம் விட்டுத் தைக்கிறாள். பிரின்சஸ் கட் (நீளவாக்கில் வளைந்த இணைப்புத் தையல் வருகிற பிளவுஸ்) கேட்டு வந்தால் இன்னும் தயக்கம் இருக்கிறது. "அது எனக்கு இன்னும் சரியா வரல, சாதா கட்டோரின்னா தச்சுத் தாரேன்" என்று கஸ்டமரிடமே சொல்லிவிடுகிறாள். அதே மதினி போன ஆடியில் ஒரு காட்டன் பிளவுஸ் கொடுத்திருக்கிறார். பட்டு இன்னும் பஜாருக்குத்தான் போகிறது. அதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தமில்லை. போன வாரம் போன் பண்ணி, ஒரு பிளவுஸில் பின்பக்கம் தூக்குகிறது, ஷோல்டர் சரிவு பற்றாது என்று நினைக்கிறேன், கால் அங்குலம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கொண்டுவா, பார்க்கிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, நானே பிரிச்சுப் பார்த்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.